விலகும்போது வரவேண்டிய ஊதியம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அமீரகத்திற்கு ஒருவரையேனும் அனுப்பாத வீடு நம் மஹல்லாவில் அரிது. அனுப்பும்போது விசா, டிக்கெட், சம்பளம் என அனைத்தையும் விசாரிக்கின்றோம். வேலையை விட்டுத் திரும்பும் நாளில் என்ன வரவேண்டும் என்பதை மட்டும் விசாரிப்பதில்லை. அதனால் பல்லாண்டு உழைப்பின் பலன் ஒரே கையெழுத்தில் கைநழுவிப் போகின்றது. ஆகவே அதனைக் குறித்துச் சில செய்திகளைத் தங்கள் முன் வைக்கின்றோம்.

அந்நாட்டின் தனியார் துறைக்கான தொழிலாளர் சட்டம் 2021இல் இயற்றப்பட்டு, 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, வேலை முடிந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் பாக்கிச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான தொகை, சர்வீஸ் பணம் ஆகிய அனைத்தையும் முதலாளி கொடுத்துவிட வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் உண்டு.

"நாமாக விலகினால் சர்வீஸ் பணம் கிடைக்காது" என்று இன்றும் பலர் நம்புகின்றனர். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலகுவோருக்கு வெட்டு இருந்தது உண்மையே. புதிய சட்டத்தில் அவ்வெட்டு இல்லை. ஓராண்டு முழுமையாகப் பணியாற்றியவர் தாமே விலகினாலும் முழுத் தொகைக்கும் உரியவராவார்.

கணக்கும் எளிதே. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் சம்பளம். அடிப்படைச் சம்பளம் 1,500 திர்ஹம் என்றால் நாளொன்றுக்கு 50 திர்ஹம். ஆறாண்டு முடித்தவருக்கு முதல் ஐந்தாண்டுக்கு 5,250, ஆறாம் ஆண்டுக்கு 1,500, ஆக 6,750 திர்ஹம். தங்குமிடம், போக்குவரத்துப் படிகள் இக்கணக்கில் சேரா. எனவே ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடமை நமக்கும் உண்டு. ஒப்பந்தத்தில் கண்ட நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் கிளம்பினால், அந்நாட்களுக்கான சம்பளத்தை நாம் ஈடுகட்ட நேரிடும்.

சகோதரர்களே! விசா கேன்சல் செய்யும்போது, "எனக்குரியவை அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையொப்பம் கேட்பார்கள். ஊருக்குப் போகும் அவசரத்தில், பணம் கைக்கு வருமுன் அதில் கையொப்பமிடாதீர்கள். ஒப்பந்தம், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், விடுப்புக் கணக்கு ஆகியவற்றின் நகல்களைப் பத்திரப்படுத்துங்கள்.

கொடுக்க மறுத்தால் அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தில் முறையிடலாம். 50,000 திர்ஹம் வரையிலான வழக்குகளை 2024 முதல் அவ்வமைச்சகமே விசாரித்து முடிவு சொல்கின்றது. ஒரு லட்சம் திர்ஹம் வரையிலான கோரிக்கைக்குத் தொழிலாளி நீதிமன்றக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆயினும் வேலை முடிந்து இரண்டு ஆண்டு கடந்துவிட்டால் வழக்கு எடுத்துக்கொள்ளப்படாது. ஊர் திரும்பியபின் "பிறகு பார்க்கலாம்" என்றிருப்பது உரிமையை இழக்கச் செய்யும்.

இறுதியாக ஒன்று. அங்கே கடையும் கஃபட்டீரியாவும் நடத்தும் முதலாளிகளும் நம் ஜமாஅத்தில் இருக்கின்றார்கள். அவர்களிடம் வேலை பார்ப்போரும் நம் பிள்ளைகளே. "ஊர்க்காரர்தானே, எப்படிக் கேட்பது?" என்று பையன் தயங்குவான். அத்தயக்கம் முதலாளிக்கு இலாபமாகிவிடலாகாது. கேட்கும் முன்பே கணக்கை முடித்துக் கொடுப்பதே கண்ணியம். அது தருமமன்று, அவன் உழைத்துச் சேர்த்த சொந்தப் பணம்.