சூரைச்செடியின் நிழல்



சில வாரங்களுக்கு முன், ஞாயிறு முதல் திருப்பலியில் கல்லூரி மாணவி ஒருத்தி மறையுரை முழுவதும் தூங்கினாள். நாம் முகம் சுளித்தோம். அருகிலிருந்தவர்கள் தட்டி எழுப்பினார்கள். பிறகுதான் விசாரித்தோம். பகலில் கல்லூரி, மாலையில் தெப்பக்குளத்தருகே ஜவுளிக்கடை வேலை. இரவு சத்திரத்தில் பேருந்து பிடித்து வீடு சேர்ந்து, ரெக்கார்டு எழுதி, உள்மதிப்பீட்டுத் தேர்வுக்குப் படித்து, படுக்க ஒரு மணி. அரியர் விழுந்துவிடுமோ என்ற பயம் வேறு. (மறையுரையும் கொஞ்சம் நீளம்தான்.) வாரம் முழுவதும் அவள் சும்மா உட்காரக் கிடைத்த ஒரே இடம் கோவில் என்பது நமக்குத் தோன்றவில்லை.

அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தில் எலியாவும் இப்படித்தான். கார்மேல் மலையில் வெற்றி கண்டவர், சூரைச்செடியின் அடியில் சாவைக் கேட்டுப் படுத்துவிடுகிறார். கடவுள் கண்டிக்கவில்லை. வானதூதர் தொட்டு எழுப்பி அப்பமும் தண்ணீரும் தருகிறார். எலியா உண்டு, மறுபடியும் தூங்குகிறார். தூதர் இரண்டாம் முறையும் சாப்பாட்டோடுதான் வருகிறார். கேள்வியெல்லாம் ஓரேபு மலையில், நாற்பது நாள் கழித்து.

நாமோ பிள்ளை செருப்பைக் கழற்றும் முன்பே மதிப்பெண்ணைக் கேட்கிறோம். "போதும், முடியவில்லை" என்று பிள்ளை சொன்னால், ஜெபம் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள். கூட உட்காருங்கள். தேவையானால் தயங்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

1950-இல் நம் தூய வளனார் கல்லூரிக்கு வந்த அப்துல் கலாம், நான்காண்டு விடுதியில் தங்கினார். அறைத் தோழர்கள் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவர், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். விடுதிப் பொறுப்பிலிருந்த அருள்தந்தை செக்வேரா இரவுதோறும் விவிலியத்தைக் கையில் ஏந்தி ஒவ்வொரு மாணவரையும் பார்த்து வருவாராம். தீபாவளிக்கு அறை அறையாக நல்லெண்ணெய் கொடுக்கச் செய்வாராம். 'அக்கினிச் சிறகுகள்' நூலில் இயற்பியல் ஆசிரியர்களை நன்றியோடு சொல்லும் கலாம், அந்த எண்ணெயையும் மறக்கவில்லை.

பங்கில் நாமும் பாரம்தான் ஏற்றியிருக்கிறோம். சனி பாடகர்குழு, ஞாயிறு மறைக்கல்வி, இளைஞர் கூட்டம், வராதவர்களைப் பற்றி ஒலிபெருக்கியில் ஒரு சொல். செமஸ்டர் தேர்வு முடியும்வரை மாணவர்களுக்குப் பயிற்சி இல்லை என்று அறிவித்துவிட்டோம். மறைக்கல்வி வகுப்பைப் பெற்றோர் சிலர் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த மாணவி போன ஞாயிறும் தூங்கினாள். யாரும் தட்டவில்லை. நற்கருணை நேரம் வந்தபோது பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் மெல்லத் தோளைத் தொட்டார்.