படிவம் கேட்பதும் நாம் சொல்வதும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் குரங்கணி அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



வாழ்த்துரை வழங்குமாறுதான் என்னைப் பணித்தார்கள். கழகம் வாழ்க என்று வாயார வாழ்த்திவிட்டு, எஞ்சிய நேரத்தை ஒரு மாணவி கேட்ட கேள்விக்குச் செலவிட அனுமதி வேண்டுகிறேன். என்னிடம் படித்துப் பின்னர்ப் பட்டமும் பெற்ற பெண் அவள். சென்ற கோடையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். அரசுத் தேர்வாணையத்தின் விண்ணப்பம் அவளுடைய கைப்பேசியில் திறந்திருந்தது; ஒரு தனியார் நிறுவனத்தின் படிவம் தாளில் இருந்தது. இரண்டிலும் சாதிக்கென ஒரு கட்டம். "ஐயா, இரண்டிலும் எழுதவா, இரண்டிலும் விட்டுவிடவா?" என்றாள்.

உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. என் நினைவு பின்னோக்கிப் போய்விட்டது. பி.எட். முடித்த ஆண்டில், தனியார் பள்ளியொன்றில் நேர்முகத்துக்குச் சென்றேன். பள்ளியின் பெயர் இங்கு வேண்டாம். மதிப்பெண்களைப் பார்த்தார்கள், மகிழ்ந்தார்கள். பிறகு தாளாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "குரங்கணி என்றால் எந்தத் தெரு?" என்று கேட்டார். சொன்னேன். "தகவல் அனுப்புகிறோம், போய் வாருங்கள்" என்றார். அந்தத் தகவல் இன்றுவரை வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி அரசுப் பணி கிடைத்தது. அங்கும் அதே தெருவையும் அதே சாதியையும்தான் எழுதிக் கொடுத்தேன். ஓரிடத்தில் கதவை அடைத்த சொல், மற்றோரிடத்தில் கதவைத் திறந்தது.

ஆகவே, முதலில் அரசுப் படிவம். அங்கே மறைப்பது பேதைமை. அரசியலமைப்பின் 16(4)ஆம் பிரிவு நமக்குத் தந்த உரிமையைக் கோருவதற்குரிய இடம் அந்தக் கட்டம்தான். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டுள்ளது. அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள் பொதுவாக "எஸ்.சி." என்று மட்டும் குறித்துவிடாமல், தமக்குரிய பிரிவைக் குறிக்க வேண்டும். கூச்சத்தினால் பொதுப்பிரிவு என்று குறித்துவிட்டு, வயதுச் சலுகையையும் இழந்து, பின்னர் திருத்தித் தருமாறு அலைந்து வெறுங்கையோடு திரும்பிய மாணவர் ஒருவரை நான் அறிவேன். அவர் மதிப்பெண் குறைந்தவர் அல்லர்.

இங்கே மலையோரத்தாருக்கு மட்டும் உரிய செய்தி ஒன்றுண்டு. நம்மில் பாதிப்பேருக்குப் போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டங்களில் உறவினர் இருக்கிறார்கள். பிழைப்புக்காக மலையேறிய குடும்பம் அங்கேயே தங்கிவிடுகிறது. பிள்ளையும் அங்கேயே படிக்கிறது. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவரின் ஆணை 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியானது; அது மாநிலம் மாநிலமாக வகுக்கப்பட்ட பட்டியல். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினரானவர், குடிபெயர்ந்த மாநிலத்தின் அரசு வேலைக்கு அந்தத் தகுதியை எடுத்துச் செல்ல இயலாது என்று 2018இல் பீர்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கீழே தீண்டாமையைத் தாங்கிய அதே உடம்புதான் மேலேயும் ஏலக்காய் பறிக்கிறது; சட்டம் மட்டும் மலை முகட்டில் நின்றுவிடுகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆயினும் நடைமுறை இதுவாகையால், பூர்விக ஊருக்குரிய பழைய ஆவணங்களைப் பெட்டியடியில் போட்டுச் செல்லரிக்க விடாதீர்கள்.

இனித் தனியார் நிறுவனத்தின் தாள். தனியார் வேலைக்கு இடஒதுக்கீடு இல்லை. அப்படியிருக்க, சாதியைக் கேட்டு அவர் என்ன செய்யப் போகிறார்? 2007ஆம் ஆண்டு சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். செய்தித்தாள்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒன்றே. பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று எனக் கொண்டால், தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

"நாம்தான் பெயருக்குப் பின் சாதி போடுவதில்லையே" என்பீர்கள். உண்மை, தமிழ்நாடு பெருமைப்படத்தக்க வழக்கம் அது. ஆனால் முகவரியில் "காலனி" என்றிருக்கும். மாற்றுச் சான்றிதழில் "ஆதிதிராவிடர் நலப்பள்ளி" என்றிருக்கும். அரசு ஆவணங்களிலிருந்து "காலனி" என்னும் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தது இதனால்தான் பெரிய செய்தி. ஊர்க்காரர் நாவிலிருந்து அது எப்போது நீங்கும் என்பது வேறு விஷயம். தில்லி வட்டாரத்து ஆளெடுப்பு அதிகாரிகளிடம் பேசிய மற்றோர் ஆய்வும் அதே 2007ஆம் ஆண்டில் வந்தது. தகுதியையே பார்க்கிறோம் என்று சொன்ன அவர்கள், விண்ணப்பதாரரின் "குடும்பப் பின்னணி"யையும் தவறாமல் விசாரித்தார்களாம். என் தாளாளர் "எந்தத் தெரு" என்றார். அவர்கள் நாகரிகமாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

கேட்பவர் பெரிய நிறுவனம் என்பதற்காக எதையும் கேட்கலாமா? ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளர் பணியில் சேர்ந்த நீரா மாத்தூர் என்னும் பெண்மணியின் வழக்கைத் தாய்மார்கள் அறிய வேண்டும். பணியில் சேருமுன் தந்த படிவத்தில் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த நாள் எது, எத்தனை முறை கருவுற்றார், கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். மகப்பேறு விடுப்பில் சென்ற அவர், தவறான விவரம் தந்தார் என்னும் காரணம் காட்டப்பட்டுத் தகுதிகாண் காலத்திலேயே நீக்கப்பட்டார். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தச் சொன்னதோடு, அந்தக் கேள்விகளையே படிவத்திலிருந்து நீக்குமாறு கட்டளையிட்டது. வேலை தருவதற்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்ததும் அதே 2017இல்தான்.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் மௌனம் ஆபத்து. காவல்துறை வழக்கு உண்டா என்று அரசுச் சரிபார்ப்புப் படிவம் கேட்கும். நம் தெருப் பிள்ளைகள் திருவிழாத் தகராறிலோ, சாலை மறியலிலோ எளிதில் பெயர் சேர்க்கப்படுகிறவர்கள். 1989இல் போடிக் கலவரம் நடந்த நாட்களில் நான் இளைஞன். வழக்கு என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் எவ்வளவு அச்சம் இருந்தது என்பதைக் கண்டவன். அந்த அச்சத்தினால் "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். 2016இல் அவதார்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்கள்: தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும்; இளவயதில் கோஷமிட்டது போன்ற அற்பக் குற்றமாயின் அதை நிறுவனம் பொருட்படுத்தாமல் விடலாம். உண்மை சொன்னாலும் வேலை உறுதியென்று நீதிமன்றம் சொல்லவில்லை. எனினும் சிறு வழக்கு ஒருவரைக் கெடுக்காத இடத்தில், அதை மறைத்த பொய் கெடுத்துவிடுகிறது.

தாள்களைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் போடி பேருந்து நிலையத்தில் ஒருவர் அசல் சான்றிதழைக் கேட்டால் கொடாதீர்கள்; சரிபார்த்தவுடன் கையோடு வாங்கி வாருங்கள். ஆதார் நகல் தேவையெனில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகலை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். நகலின் குறுக்கே எந்த வேலைக்கு, எந்த நாளில் கொடுத்தது என்று மையால் எழுதுங்கள். கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள். குறித்த நோக்கத்துக்கு வேண்டிய தகவலை மட்டுமே பெறவேண்டும் என்று 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. சட்டம் மலையேறி வரும்வரை மைப்பேனா கையில் இருக்கட்டும்.

அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். கைப்பேசியில் சாதியைத் தெளிவாகக் குறித்தாள். தாளிலிருந்த கட்டத்தை வெறுமையாக விட்டு, "பணிக்கு இது எவ்வாறு தேவை என்று தெரிவித்தால் தருகிறேன்" என்று ஓரத்தில் எழுதினாள். அந்த வரி அவளுடையது. நான் சொல்லித் தந்ததன்று. நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை. தேர்வாணையத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள்.

ஞாயிறு காலைகளில் கழகத்தின் படிப்பகத்தில் நானும் இரண்டு ஆசிரியர்களும் இருப்போம். படிவங்களைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம். அசல் சான்றிதழ்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.