சார்லிக்காக ஓடிய சார்லி

தெற்கு லண்டனில் ஒரு தெரு. கசாப்புக்கூடத்துக்கு ஓட்டிச் சென்ற ஆடுகளில் ஒன்று தப்பித்து ஓடியது. பிடிக்கப் போனவர்கள் தடுக்கி விழ, வேடிக்கை பார்த்த சிறுவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிடிபட்ட பிறகுதான் ஆடு எங்கே போகிறது என்பது அவனுக்கு உறைத்தது. அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினான்.

அவன்தான் சார்லி சாப்ளின். தன் படங்களில் சிரிப்பும் சோகமும் கைகோத்து வருவதற்கு இந்தச் சம்பவம்தான் வித்தோ என்று சுயசரிதையில் அவரே யோசிக்கிறார்.

1889-இல் பிறந்தவர். ஏழு வயதில் தாயோடும் அண்ணன் சிட்னியோடும் ஏழைகள் விடுதியில் சேர வேண்டியதாயிற்று. அங்கே தாயையும் பிள்ளைகளையும் பிரித்துவிடுவார்கள். பிறகு தாய் ஹானாவுக்கு மனநோய் வேறு. ஆனாலும், ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் போலவே நடித்துக் காட்டி மகன்களைச் சிரிக்கவைத்தவர் அந்தத் தாய்! நடிப்பில் சார்லிக்குக் கிடைத்த முதல் பள்ளிக்கூடம் அதுதான்.

1921-இல் வந்த ‘தி கிட்’ படத்தில், நாடோடியாக வரும் சார்லி வளர்க்கும் பிள்ளையை அநாதை விடுதிக்காரர்கள் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். சார்லி கூரை கூரையாகத் தாவி ஓடி அவனை மீட்கிறார். நிஜ வாழ்வில் ஏழு வயது சார்லியை மீட்க அப்படி யாரும் ஓடி வரவில்லை. திரையில் அவரே ஓடினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள், கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள்.

அதே ஆண்டு தாயைக் கலிஃபோர்னியாவுக்கு வரவழைத்தார். தனி வீடு, கவனித்துக்கொள்ள ஆட்கள் என்று எல்லாம் ஏற்பாடு செய்தார். 1928-இல் இறக்கும்வரை ஹானா மகனின் பராமரிப்பில் கலிஃபோர்னியாவிலேயே வாழ்ந்தார்.