துண்டும் கடன் ஏடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா மேடையில் கடனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் சொன்னபோது நமது காரியதரிசி அவர்கள் சற்றே தயங்கினார்கள். நல்ல நாளில் கடன்காரனின் பெயரை எடுப்பானேன் என்பது அவர்களுடைய எண்ணம். ஆனால் தீபாவளி முற்பணத்தை வாங்கிப் பண்டிகை கொண்டாடி, பிறகு மாதந்தோறும் சம்பளத்தில் அதைக் கழித்துக் கொடுக்கும் நமக்குக் கடன் என்பது நல்ல நாளோடு ஒட்டிப் பிறந்த விஷயமே அல்லவா? ஆகையால் நீங்கள் மன்னிப்பீர்கள் என்ற தைரியத்தோடு தொடங்குகிறேன்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்த மலைநாட்டிலே "துண்டு" என்று ஒரு கடிதம் இருந்தது. இளைஞர்களில் அநேகர் அந்தச் சொல்லையே கேட்டிருக்க மாட்டார்கள். கங்காணி தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைச் சேர்த்து வரும்போது வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று முன்பணம் கொடுப்பார். அது அவர்கள் பேரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குக் கூட்டமாகப் போக விரும்பினால், இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று துரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆட்கள் மாறுவார்கள், தோட்டம் மாறும், கடன் மட்டும் அவர்கள் கூடவே நடந்து போகும். அந்தக் காகிதத்தில் எழுதியிருந்த கணக்கு சரியா பிழையா என்று கேட்பதற்கு, யாருடைய பெயரில் கடன் இருந்ததோ அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை கிடையாது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டம் வந்துதான் துண்டு முறையை ஒழித்தது.

துண்டு ஒழிந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் மனிதன் போகுமிடமெல்லாம் அவன் கடனைப் பற்றிய எழுத்தும் கூடப் போகிற நிலைமை வேறு வடிவில் நம்மிடம் உண்டு. நம்மவர் வாயில் "கிறிப்" என்று வழங்கும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் சொல்கிறேன். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான இது, தெற்காசியாவிலேயே முதன்முதல் ஏற்பட்ட கடன் தகவல் நிலையம். 1995 இலும் 2008 இலும் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பாக்கி, தவணை தவறியதா என்ற விவரங்களை இதற்கு அனுப்புகின்றன. புதிதாகக் கடன் கேட்டு ஒருவர் வந்தால் இதனிடம் கேட்டுப் பார்க்கின்றன. நாம் பிறருக்குப் பிணை நின்ற கணக்கும் நம் பெயரில் அங்கே தெரியும். "அவனைக் கிறிப்பில் போட்டுவிட்டார்கள்" என்று நம்மவர் ஏதோ மறியலில் போட்டதுபோலப் பேசுவது சரியன்று. ஒழுங்காகக் கட்டுகிறவர் பெயரும் அங்கே உண்டு. அது அவருக்கு நன்மையும் செய்யும். கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது வங்கியே தவிர, கிறிப் அல்ல.

துண்டையும் கிறிப்பையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்று சிலர் கேட்கலாம். முழுவதும் நியாயமன்று என்றே நானும் சொல்வேன். துண்டு ஆளையே கட்டிப்போட்டது. கிறிப் அப்படிச் செய்வதில்லை; இன்று நமது ஏட்டை நாமே விண்ணப்பித்துப் பார்க்கவும், பிழையிருந்தால் எடுத்துச் சொல்லவும் வழியுண்டு. ஆனாலும் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தொகையும் தவணையும் ஏட்டில் ஏறும். அந்த மனிதருக்கு வந்த கஷ்டமும், அதை அவர் சமாளித்த விதமும் ஏறுவதில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் திம்புள்ளப் பகுதியில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும். உலகம் விரும்பும் நல்ல ருசியுள்ள தேயிலை அப்போதுதான் கிடைக்கிறது; ஆனால் மலையில் கொழுந்து குறைந்துவிடும். கொழுந்து குறைந்தால் பேர் குறையும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தை வைத்து, 2025 மார்ச் மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்திரண்டு பேர் என்றால் 29,700 ரூபா. பன்னிரண்டு பேர் என்றால் 16,200 ரூபா. இதிலும் சேமலாப நிதி, சந்தா, முற்பணம் என்று கழிவுகள் உண்டு. லயத்துக் கூரையை மாற்ற வங்கியில் கடன் எடுத்த ஒரு தாய், மாதம் 6,500 ரூபா தவணை கட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதம் அவர் என்ன செய்வார்?

அவருக்கு முன்னே இரண்டு வழிகள். வங்கிக்குப் போய், "ஐயா, நாலு மாதத்துக்கு 3,000 ரூபாப்படி கட்டுகிறேன், பிறகு பழையபடி கட்டுகிறேன்" என்று உள்ளதைச் சொல்லலாம். அல்லது நூற்றுக்குப் பத்து மாதவட்டிக்குக் கைமாற்று வாங்கி வங்கித் தவணையை நேரத்துக்குக் கட்டிவிடலாம். முதல் வழியில் போனால் அவர் பெயருக்கு எதிரே நிலுவை என்றோ மறுசீரமைத்த கடன் என்றோ எழுத்து ஏறிவிடும் என்ற பயம் இருக்கிறது. நாளைக்கு மகன் முச்சக்கர வண்டிக்கு லீசிங் கேட்டு, தாய் பிணை நிற்கப் போனால் அந்த எழுத்து முன்னே வந்து நிற்கும். இரண்டாம் வழியில் போனாலோ ஏடு பளிங்குபோல் இருக்கும்; ஏனெனில் வட்டிக்காரர் கிறிப்பில் அங்கத்தவர் அல்லர். உண்மையைச் சொல்லி மானத்தோடு கட்டியவருக்குக் கறை; காதுத்தோட்டை அடகு வைத்து மறைத்துக் கட்டியவருக்கு நற்சாட்சி! ஏட்டை நம்பும் வங்கிக்கும் இதனால் நஷ்டமே. முழுகப் போகிறவர் யார் என்பதை அது கடைசியில்தான் அறிகிறது.

நம் லயங்களில் வட்டிக்காரர் வாசலுக்கு வரும் நாளில் சமையலறைக்குள் ஒளிந்துகொள்ளும் தாய்மார்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் வங்கிக் கடனைக் கட்டவே அந்தக் கைமாற்றை வாங்கினார்கள் என்று எந்த ஏடும் சொல்லாது. நுண்கடன் கம்பனிகளின் கதை இன்னும் பெரிது. அதற்காக 2016 இல் 6 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட பன்னிரண்டு மாவட்டங்களின் பெண்களுக்கு, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது. நுவரெலியா மாவட்டம் அந்தப் பன்னிரண்டில் இல்லை. இங்கே மழைக்குக் குறைவில்லை என்று எண்ணினார்கள் போலும்.

நிற்க. கஷ்டகாலத்தில் ஏட்டை எப்படி எழுதுவது என்பது நமது அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயமன்று. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் நாடு முடங்கியபோது மத்திய வங்கி கடன் தவணைகளுக்குச் சலுகை கொடுக்கச் சொன்னது. அதே சுற்றறிக்கையில், சலுகை பெற்றவரின் கடன் புள்ளி பாதிக்கப்படாதபடி அவற்றைப் பதிவதற்கு ஒரு முறையை வங்கிகளும் கிறிப்பும் வகுக்கவேண்டும் என்றும் பணித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை கொட்டி, மலைநாடெங்கும் மண் சரிந்து, வீடும் உயிரும் போன பின்னரும் சலுகை அறிவிப்பு வந்தது. இவை நல்ல காரியங்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாடு முழுவதற்கும் ஆபத்து வந்தால்தான் சுற்றறிக்கை வருகிறது. ஒரு வீட்டுக்கு மட்டும் ஆபத்து வந்தால்? புருஷன் மலையிலிருந்து வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால் அதற்குச் சுற்றறிக்கை உண்டா? அன்றைக்கு அந்தக் குடும்பம் வங்கி முகாமையாளரின் தயவில் நிற்கிறது. தயவாகக் கிடைப்பது சட்டத்தில் உரிமையாக எழுதப்படவேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

இது நடவாத காரியமன்று. அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் 2021 இல் தன் கடன் சட்டத்தைத் திருத்தியது. கஷ்டகாலத் தகவல் பற்றிய விதிகள் 2022 ஜூலை முதலாந் தேதி நடைமுறைக்கு வந்தன. அங்கே கடனாளியும் வங்கியும் குறைந்த தவணைக்கு உடன்பட்டால், அந்தப் புதிய உடன்படிக்கையின்படியே ஏடு எழுதப்படும். 3,000 என்று ஒத்துக்கொண்டு 3,000 கட்டியவர் ஒழுங்காகக் கட்டியவரே. பக்கத்தில், ஓர் ஏற்பாடு இருந்தது என்பதற்கு ஓரெழுத்து அடையாளம் மாத்திரம் இருக்கும். நோயா, வேலை போனதா, குடும்பத்தில் பிரிவா என்ற காரணம் எழுதப்படாது. அந்த அடையாளமும் 12 மாதத்தில் அழிந்துவிட வேண்டும். கடன் புள்ளியைக் கணக்கிடும்போது அதைச் சேர்க்கக்கூடாது. தொலைபேசிக் கம்பனியும் மின்சாரக் கம்பனியும் அதைப் பார்க்கவும் முடியாது. அமெரிக்காவிலும் 2020 இல் வந்த கொரோனாக்காலச் சட்டம், சலுகை பெறுமுன் ஒழுங்காகக் கட்டிவந்தவரை ஒழுங்காகக் கட்டுபவர் என்றே பதியும்படி விதித்தது.

அந்நாட்டின் 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுவாகக் கெட்ட செய்திகளை ஏழு வருஷத்துக்கு மேல் அறிக்கையில் காட்டக்கூடாது. நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். மோசேயின் சட்டத்தில் ஏழாம் வருஷம் கடனாளிக்கு விடுதலை என்று வேதபாட வகுப்பில் கேட்டது, இதைப் படித்தபோது நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, கடனின் நினைவுக்கும் ஓர் எல்லை வேண்டும் என்று பழைய காலத்தவருக்கும் தோன்றியிருக்கிறது.

கடன் கொடுப்பவர் பக்கத்து நியாயத்தையும் பார்க்கவேண்டும். எல்லாவற்றையும் மறைத்துவிட்டால், கட்ட முடியாதவருக்கே மேலும் மேலும் கடன் கொடுத்து அவரைக் கெடுப்போமே என்று அவர்கள் கேட்பார்கள். இது வெறும் சாட்டன்று. ஒரே பெண் நாலு கம்பனியில் நுண்கடன் எடுத்து, ஒன்றை வாங்கி ஒன்றைக் கட்டிச் சீரழிந்த கதைகள் வடக்கிலும் கிழக்கிலும் இங்கும் உண்டு. அங்கே ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரிந்திருந்தால் நல்லதாகவே இருந்திருக்கும். ஆகவே கடன் தொகையை மறைக்கும்படி நான் கேட்கவில்லை. தொகை தெரியட்டும், தவணை தெரியட்டும். உடன்பட்டபடி கட்டியவரைத் தவறியவர் என்று எழுதாதிருக்கட்டும்.

1990 ஆம் ஆண்டுச் சட்டத்தை மூன்றாம் முறையும் திருத்துவதானால் இந்த விதியே முதலில் வரவேண்டும். காரணத்தை, விசேஷமாக நோயைப் பற்றிய செய்தியை, ஏட்டுக்குள் விடவே கூடாது. அடையாளம் எத்தனை மாதம் நிற்கும் என்பதையும் சட்டமே சொல்லவேண்டும். பிழை திருத்தத்துக்குத் தவணை வேண்டும். இந்தியாவில் றிசேவ் வங்கி 2023 இல் பிறப்பித்த கட்டளைப்படி, முப்பது நாளுக்குள் பிழை திருத்தாவிட்டால் பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபா கடனாளிக்குக் கொடுக்கவேண்டும். பணம் கொடுக்க நேர்ந்தால் கந்தோர்கள் விரைவாக வேலை செய்யும் என்பது நாம் அறியாததல்ல. ஏட்டின் பிரதி கேளாமலே தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்கவேண்டும். நம் தனிப்பட்ட தகவல்களைக் காக்கவென்று 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியிருக்கிறதே, அது போதாதா என்றால், அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்து, தள்ளிப்போடப்பட்டன. அதை நம்பி இதை விட்டுவிட முடியாது.

இவற்றையெல்லாம் ஒரு மகஜராக எழுதி, நமது மாவட்டத்துப் பாராளுமன்ற அங்கத்தவர்களுக்கு அனுப்பும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். வரைவை எழுதித்தர நான் தயார்.

அதோடு இன்னொரு வேலையும் உண்டு. நம்மில் பலருக்குத் தம் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. பிணைக் கையெழுத்துப் போட்டதையே மறந்துவிட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நமது வாசிகசாலையில் ஒரு மேசை போட்டு, தேசிய அடையாள அட்டையோடு வருகிறவர்களுக்குத் தம் ஏட்டைக் கேட்கும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். வந்த அறிக்கையை வாசித்தும் சொல்லலாம். ஆங்கிலம் தெரிந்த நாலு மாணவர்கள் போதும். ஆனால் அந்த மேசையில் உட்காருகிறவர்கள் முதலில் ஒரு வாக்குக் கொடுக்கவேண்டும். அங்கே பார்த்த கணக்கைக் குழாயடியிலோ, பெரட்டுக் களத்திலோ, சொந்த வீட்டிலோகூடப் பேசக்கூடாது. அந்த வாக்கைக் கொடுக்கத் தயாராயுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசி அவர்களிடம் தம் பெயரைக் கொடுக்கலாம்.