மருந்தும் பாறும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் இரயில்வேயில் சரக்குக் குமாஸ்தாவாகப் பணியாற்றுகிறோம். அமிலமோ வெடிமருந்தோ ஏற்றுமுன் 'ரெட் டாரிஃப்' என்னும் விதிநூலைப் புரட்டி, விளையக்கூடிய தீங்கை முன்னதாகவே எண்ணிப் பார்ப்பது எமது தொழில். மருந்துக்கும் அத்தகைய முன்னாய்வு உண்டா என்னும் வினா அதனாலேயே எழுந்தது.

சிறுவயதில் தந்தையாருடன் திருக்கழுக்குன்றம் சென்று, நண்பகலில் குருக்கள் படைத்த அமுதை உண்ண இறங்கிய பறவையைக் கண்டோம். கழுகென்று வணங்கினோம், அது மஞ்சள்முகப் பாறு என்று பின்னரே அறிந்தோம். இன்று அக்காட்சி அங்கில்லை. அதன் காரணத்தை ஆராய நாம் புகவில்லை. ஆனால் அதன் உறவான வெண்முதுகுப் பாறு அழிந்த காரணம் தெளிவாகியுள்ளது. 1992-இல் இந்தியாவில் ஆயிரம் இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றே மிஞ்சிற்று!

காரணம் 'டைக்ளோஃபினாக்' என்னும் வலிநிவாரணி என்பதைப் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் வெளிப்படுத்திற்று. ஊசி போட்ட மாடு சில நாளில் இறந்தால், அதன் இறைச்சியைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்புபோல் படிந்துவிடும். நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சிருந்தாலே இவ்வழிவுக்குப் போதுமாம். மாட்டுக்காரரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. துடிக்கும் பசுவுக்கு மலிவான மருந்தைத் தேடியது குற்றமா?

ஐரோப்பாவில் 2006-இல் வகுத்த நெறிப்படி, மனிதருக்கான புதிய மருந்து ஆற்றுநீரில் எவ்வளவு சேரும் என்று முதலில் கணிப்பர். லிட்டருக்கு 0.01 மைக்ரோகிராமை எட்டினால் பாசி, நீர்த்தெள்ளு, மீன் ஆகியவற்றின்மீது சோதிப்பர். நல்ல முறைதான், ஆனால் பாறு செத்தது நீரால் அன்று, இரையால். மருந்து உடலை விட்டு எங்கே போகிறது, அதை யார் உண்கிறார் என்று தொடர்ந்து கேளாத கணிப்பு அரைக் கணிப்பே.

2006-இல் மாட்டுக்கான டைக்ளோஃபினாக் தயாரிப்பை நம் அரசு தடுத்தது. உடனே மனிதருக்கான பெரிய புட்டிகள் தொழுவத்திற்குச் சென்றன. 2015-இல் ஊசிமருந்துப் புட்டியை 3 மில்லி லிட்டராகச் சுருக்க வேண்டியதாயிற்று. பாறுக்குத் தீங்கற்ற 'மெலாக்சிகாம்' 2006-இலேயே கண்டறியப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் 'அசெக்ளோஃபினாக்' என்னும் வேறொன்று விற்பனையில் நின்றது. அது மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது என்று 2016-இல் ஆய்வாளர் காட்டினர். கால்நடைக்கு அதைத் தடுத்ததோ 2023-இல். அந்த ஏழு ஆண்டுத் தாமதம்தான் நம்மை உறுத்துகிறது.

நமக்கு அண்டையிலுள்ள வயநாட்டிலும், அதனையடுத்த முதுமலையிலும் பாறுகள் இன்னும் சில வாழ்கின்றன. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் அன்பர்கள், யானையை மட்டும் தேடாமல் சற்றே வானையும் அண்ணாந்து பார்த்து வாருங்கள்.