இரவில் கெண்டைக்கால் இழுக்கிறதா? விதி என்று விட்டுவிடாதீர்கள்

(தோட்ட மாதர் கூட்டத்தில் எமது சங்கத்தின் மாதர் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வழமையாக நாம் கூடினால் சம்பளம், வீடு, காணி என்றுதான் பேச்சு. இன்று நமது கால்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் சங்க விசயம்தான். ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறோம்.

தோட்டம் தோட்டமாகப் போகும்போது, கூட்டம் கலைந்த பின் தாய்மார் பலர் எங்களைத் தனியாக அழைத்துச் சொல்லும் குறை இது. நடுச்சாமத்தில் கெண்டைக்கால் கல்லுப்போல இறுகிப் பிடிக்கிறது. உயிர் போகிற வலி. கத்தினால் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். விடிந்ததும் நொண்டிக்கொண்டே பிரட்டுக்குப் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா என்று கேட்டால், மலையேறுகிற கால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது என்பதைச் சொல்லத்தான் வந்தோம்.

பிடித்தவுடன் என்ன செய்வது?

நரம்பு இழுக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் இறுகுவது தசை. சுருங்கிய தசை விரியாமல் அப்படியே பூட்டிக்கொள்கிறது. சில விநாடியில் விடலாம், சில நிமிடமும் நிற்கலாம். விட்ட பிறகும் மறுநாள் வரை நோவு இருக்கும். சுருங்கிய தசையை நீட்டிவிடுவதுதான் இதற்கு முதல் வைத்தியம்.

படுக்கையில் பிடித்தால் முழங்காலை நேராக நீட்டுங்கள். பாதத்தின் விரல்களை உங்கள் முகத்தை நோக்கி மெதுவாக இழுங்கள். கை எட்டாவிட்டால் துவாயையோ சேலைத் தலைப்பையோ பாதத்தில் மாட்டி இரு கையாலும் இழுக்கலாம். பக்கத்தில் ஆள் இருந்தால், குதிக்காலை ஒரு கையில் பிடித்து, மறு கையால் பாதத்தை மேல்நோக்கித் தள்ளச் சொல்லுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. எழும்ப முடிந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, குதிக்காலைத் தரையில் நன்றாக அழுத்துங்கள். பிடி தளர்ந்ததும் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் தடவினாலும் சித்தாலேப தடவினாலும் அந்தத் தேய்ப்பு சுகம் தரும். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுக்கலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காலில் சூடு தெரியாமல் போகலாம். அவர்களுக்கு ஒத்தடம் கொடுக்கும்போது வீட்டார் முதலில் தங்கள் கையில் வைத்துச் சூட்டைப் பார்க்க வேண்டும்.

மலையில் கொழுந்து பறிக்கும்போது பிடித்தால் முதலில் கூடையை இறக்குங்கள். பிறகு செடியைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். கூடையோடு கால் மடங்கினால் கானுக்குள்தான் விழுவோம். விழுந்து அடிபட்டால் அன்றைக்கே கங்காணியிடமும் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். வேலையில் ஏற்படும் விபத்துக்கு நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டிலிருந்தே தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பதியாத விபத்துக்காக வாதாடுவது சங்கத்துக்கும் கஷ்டம்.

நமக்கு ஏன் இப்படி வருகிறது?

வயது கூடக் கூட எல்லாருக்கும் இது அடிக்கடி வரும். கர்ப்பிணிகளுக்குப் பிந்திய மாதங்களில் வரும். சீனி வருத்தம், சிறுநீரக வருத்தம், ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் வரும். பிரஷருக்குக் கொடுக்கும் சிறுநீர் போக்கும் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை போன்ற சில மருந்துகளாலும் வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. கால் பிடிக்கிறது என்று கிளினிக்கில் சொன்னால் வைத்தியர் பார்த்து மாற்றித் தருவார்.

இவை ஊர் உலகத்துக்குப் பொதுவானவை. நமக்கென்று இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்று, களைத்துப்போன தசை. காலையிலிருந்து பின்னேரம் வரை சரிவில் நிற்கிறோம். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. முதுகில் கூடை. நிறுவைக்கு ஏற்றம், மறுபடி மலைக்கு இறக்கம். நோர்ம் கிலோ வராவிட்டால் அரைப்பேர் என்ற பயத்தில் நடுவில் உட்காருவதும் இல்லை.

மற்றது தண்ணீர். உடம்பில் தண்ணீர் குறைவதையும் கால் பிடிப்புக்கு ஒரு காரணமாக வைத்தியர்கள் சொல்கிறார்கள். நாம் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை? தாகம் இல்லாமலா? மலையில் மலசலகூடம் இல்லை. ஆண்கள் எங்காவது ஒதுங்குவார்கள், பெண் எங்கே ஒதுங்குவாள்? பார்வை, அட்டை, குளவி எல்லாவற்றுக்கும் பயந்து, காலையில் ஒரு சாயத்தண்ணியோடு போய், பின்னேரம் வரை அடக்கிக்கொள்கிறோம். மாதவிடாய் நாட்களில் சொல்லவே வேண்டாம். இப்படி அடக்கிப் பழகினால் சிறுநீர்க் கடுப்பும் கிருமித் தொற்றும் கூடவே வரும்.

தொழிலாளியின் தசைப்பிடிப்பு உடம்பின் குற்றம் மட்டுமல்ல, வேலைத்தளத்தின் குற்றமும்தான் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறோம். பிரித்தானியாவில் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில், கடும் வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கை, கால், வயிறு எல்லாம் இழுத்துப் பிடித்தது. மொஸ் என்பவர் அதை ஆராய்ந்து 1923 இல் எழுதினார். வியர்வையோடு உப்பும் போகிறது, இவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடிக்கிறார்கள் என்று கண்டார். தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சேர்த்துக் கொடுத்தபோது பிடிப்பு குறைந்தது. அவர்களுக்கு அது வெக்கையால் வந்தது, நமது மலை குளிர். ஆகவே இரவில் கால் பிடிக்கிறது என்று நாமும் உப்பை அள்ளிப் போடக் கூடாது, பிரஷர்தான் கூடும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. வேலை நடக்கும் இடத்தைப் போய்ப் பார்த்ததால்தான் அவர்களுடைய நோய்க்குக் காரணம் தெரிந்தது. நமது மலையையும் அப்படிப் பார்க்க வேண்டும்.

வராமல் தடுக்க நம் கையில் இருப்பது

படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம் உங்கள் காலுக்குக் கொடுங்கள். காம்பராச் சுவரைப் பார்த்து, ஒரு கை நீளம் தள்ளி நில்லுங்கள். உள்ளங்கைகளைச் சுவரில் வையுங்கள். ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடியுங்கள். மற்றக் காலைப் பின்னே நேராக நீட்டி, குதிக்காலைத் தரையிலிருந்து எடுக்காமல், உடம்பைச் சுவர்ப்பக்கம் சாயுங்கள். பின்னங்காலில் இழுவை தெரியும். பத்து எண்ணும் வரை நில்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை. பிறகு பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலை மடிக்காமல், எட்டும் வரை குனிந்து, அதையும் மூன்று தடவை செய்யுங்கள்.

நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2012 இல் வெளியானது. படுக்கும் முன் இப்படிக் காலை நீட்டிப் பழகியவர்களுக்கு ஆறு வாரத்தில் பிடிப்பு வருவதும் குறைந்தது, வலியின் கடுமையும் குறைந்தது. ஒரு நாள் செய்து பார்த்துவிட்டுப் பலனில்லை என்று விடாதீர்கள். ஆறு வாரம் செய்யுங்கள். செலவு ஒரு சதமும் இல்லை.

குளிருக்குக் குறுகிப் படுத்து, பாரமான போர்வையைக் கால்மாட்டில் இறுக்கிச் செருகினால் பாதம் கீழ்நோக்கி மடங்கும், கெண்டைக்கால் சுருங்கும். போர்வையைக் கால்மாட்டில் தளர்த்திவிடுங்கள்.

தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கொதித்தாறிய தண்ணீர் ஒரு போத்தல் கொழுந்துக் கூடையோடு போகட்டும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். சிறுநீரக வருத்தமோ இருதய வருத்தமோ உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சகோதரர்களே, சாராயமும் கசிப்பும் உடம்பில் உள்ள தண்ணீரையும் வெளியே தள்ளும். ராத்திரியில் உங்கள் காலும் பிடிக்கிறதென்றால் அதையும் யோசியுங்கள்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. வலிமாத்திரை வேலை செய்யத் தொடங்குவதற்குள் பிடிப்பு தானாகவே விட்டுவிடும். அதனால் தினமும் கடையில் வாங்கிப் போடுவதில் பலன் இல்லை. சில வலிமாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மக்னீசியம் மாத்திரையைப் பற்றிய ஆய்வுகளை 2020 இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வயதானவர்களின் கால் பிடிப்புக்கு அது பெரிதாக உதவுவதாகத் தெரியவில்லை. விலை கொடுத்து வாங்கும் முன் யோசியுங்கள். கால் பிடிப்புக்குக் கொயினா மாத்திரை நல்லது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது இரத்தத்தையும் இருதயத்தையும் பாதிக்கக் கூடியது. வைத்தியர் எழுதித் தராமல் தொடவே கூடாது.

கர்ப்பிணிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கால் பிடிப்பைப் பற்றிக் கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். அங்கே தரும் கல்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடாதீர்கள், வேறு வேறு நேரத்தில் போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு தேத்தண்ணீர் குடிக்காதீர்கள். நாம் பறிக்கும் தேயிலைதான், ஆனாலும் அந்தச் சத்து உடம்பில் சேருவதை அது தடுக்கும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

காய்ச்சலோடு கெண்டைக்கால் தொடமுடியாமல் நோகிறது, கண் சிவக்கிறது, சிறுநீர் குறைகிறது என்றால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கான் வெட்டியவர்கள், சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வேலை செய்தவர்கள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, வலி விடாமல் இருந்தால் இரத்தக் குழாயில் கட்டி அடைத்திருக்கலாம். அதைத் தேய்க்கக் கூடாது, உடனே போக வேண்டும். குழந்தை பெற்ற தாய்மார் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது, மறுபடி நடந்தால் பிடிக்கிறது என்றால் காலுக்கு இரத்தம் போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். கால் மரத்துப்போனாலும், பலம் குறைந்தாலும், இரவுக்கு இரவு பிடித்துத் தூக்கம் கெட்டாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். சீனியும் இரத்தமும் பரிசோதித்துப் பார்ப்பார்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

சகோதரிகளே, சுவரில் சாய்ந்து காலை நீட்டுவது நம் கையில் இருக்கிறது. ஆனால் மலசலகூடம் இல்லாத மலையில் தண்ணீர் குடியுங்கள் என்று உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. அதனால்தான் இதைச் சங்க விசயம் என்றோம்.

நாங்கள் கேட்கச் சொல்வது இவைதான். வேலை நடக்கும் மலைகளுக்குக் கிட்ட பெண்கள் பாவிக்கக்கூடிய, கதவும் தண்ணீரும் உள்ள மலசலகூடம். நிறுவை நடக்கும் இடத்தில் குடிக்கத் தகுந்த தண்ணீர். பகலில் உட்கார்ந்து ஓய்வெடுக்க ஒதுங்கிடமும் நேரமும். கர்ப்பிணிகளுக்கும் வயதான தாய்மாருக்கும் சரிவு குறைந்த மலை. பேர் கெடாமல் போய் மருந்தெடுக்கும்படி, வேலை முடிந்த பின்னும் திறந்திருக்கும் தோட்ட ஆஸ்பத்திரி. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்யும் பொறுப்பை 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. நாம் தர்மம் கேட்கவில்லை.

வெறும் வாயால் கேட்டால் துரைமார் ஆதாரம் கேட்பார்கள். ஆகவே இந்த மாதம் முழுவதும் ஒவ்வொரு தலைவியும் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எத்தனை இரவு கால் பிடித்தது, அன்று எந்த மலையில் வேலை, அங்கே தண்ணீரும் மலசலகூடமும் இருந்ததா என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதித் தரட்டும். மாத முடிவில் அந்தக் கொப்பியோடு தோட்டத் தலைவரும் தலைவிமாரும் சேர்ந்து லேபர் டே அன்று கந்தோருக்குப் போவோம். அங்கே முடியாவிட்டால் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே பேச வேண்டியது எங்கள் பொறுப்பு.

நமது முன்னோர் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். 200 ஆண்டு நினைவாக 2023 இல் நம்மவர்கள் அந்தப் பாதையில் மறுபடி நடந்தார்கள். நடக்க அஞ்சாத சனம் நாம். இந்த மலையில் நாளைக்கும் நடக்கப் போகிற கால்களுக்குத் தண்ணீரும் ஓய்வும் மறைவிடமும் வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்று இரவே படுக்கும் முன் சுவரைப் பிடித்து நில்லுங்கள். நாளைக் காலையில் கொப்பியைத் திறவுங்கள்.