யப்பானியச் சித்திரத் தொடர்களில் இழப்பும் இரங்கலும்

அசையும் சித்திரம் என்றவுடன், அது சிறுவரைச் சிரிப்பிக்கும் விளையாட்டு என்ற எண்ணமே பலர்க்கும் எழுகின்றது. பாறை வீழ்ந்து தட்டையாகி மறுகணமே உப்பி எழும் ஓநாயும், எத்தனை அடி பட்டாலும் சாகாத பூனையும் அவ்வெண்ணத்தை வளர்த்துவிட்டன. யப்பானியத் தொலைக்காட்சியில் வளர்ந்து, இன்று உலகெங்கும் ‘அனிமே’ என்ற பெயரால் வழங்கும் தொடர்களுட் சிறந்தவையோ வேறு வழி சென்றவை. மாண்டார் மீளார் என்னும் உண்மையிலிருந்தே அவை கதையைத் தொடங்குகின்றன. அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் கூறிய நிலைக்களன்கள் நான்கனுள் இழவும் ஒன்று. அந்த இழவை இத்தொடர்கள் கையாளும் முறையை மூன்று எடுத்துக்காட்டுகளால் நோக்கலாம்.

முதலாவது, 1963ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘இரும்புக்கை அத்தொம்’. மேனாட்டில் இதன் பெயர் ‘அஸ்ட்ரோ போய்’. இதனை ஆக்கிய தெசூக்கா ஒசாமு 1928இல் பிறந்தவர். 1945இல் ஒசாக்கா நகர்மீது குண்டுமாரி பொழிந்தபோது அவர் பதினாறு வயது மாணவர். நகர் எரிந்ததைக் கண்ணாற் கண்டவர். பின்னர் ஒசாக்காப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று தேறினார். எனினும் மருத்துவத் தொழிலை விடுத்துத் தூரிகையையே கைக்கொண்டார்.

தெம்மா என்னும் விஞ்ஞானி வீதி விபத்தொன்றில் தம் மகனைப் பறிகொடுக்கின்றார். துயரம் தாளாது, மகனைப் போன்றே ஓர் இயந்திரச் சிறுவனைச் செய்து உயிர்ப்பிக்கின்றார். முகம் அதே முகம். குரல் அதே குரல். ஆயினும் நாட்கள் செல்லச் செல்ல ஒரு குறை தெரிகின்றது. அச்சிறுவன் வளர்வதில்லை. வளராதவன் தம் மகன் ஆகான் என வெகுண்ட தந்தை, அவனை ஒரு சர்க்கஸ் கூட்டத்துக்கு விற்றுவிடுகின்றார். வேறொரு விஞ்ஞானி அவனை மீட்டு அன்புடன் ஆதரிக்கின்றார். மகனை இழந்த தந்தைக்காக இரங்கிய நெஞ்சம், விற்கப்பட்ட சிறுவனைக் கண்டதும் திகைக்கின்றது. இறந்த பிள்ளையின் நினைவில் மூழ்கிய ஒருவர், எதிரே நின்ற பிள்ளையைக் காணத் தவறினார். அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே சிறுவர்க்கெனச் சொல்லப்பட்ட கதை இது.

இத்தொடர் ஆக்கப்பட்ட முறையும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. திரையில் விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் புதுச் சித்திரம் வரைய வேண்டிய பொருள்வளமும் காலமும் தெசூக்காவிடம் இல்லை. ஆகவே ஒரே சித்திரத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்துதல், முகத்தை அசைக்காது வாயை மட்டும் அசைத்தல், வரைந்ததையே மீண்டும் பயன்படுத்துதல் முதலிய உத்திகளை அவர் கையாண்டார். வறுமையாற் பிறந்த இந்த அசைவின்மையைப் பின்வந்த கலைஞர் ஒரு மொழியாகவே மாற்றிவிட்டனர். பேசாது நிற்கும் ஒரு முகம், ஆளில்லாத ஓர் அறை, மேகம் மட்டும் நகரும் வானம் என்பன சில விநாடிகள் திரையில் நிலைக்கின்றன. துயரத்தைச் சொல்லாமற் சொல்வதற்கு அந்த மௌனம் நன்கு பொருந்துகின்றது.

இரண்டாவது தொடர் ‘எஃகு இரசவாதி’. வட யப்பானிலுள்ள ஹொக்கைடோவில் பாற்பண்ணைக் குடும்பமொன்றிற் பிறந்த அரக்காவா ஹிரோமு என்னும் பெண்மணி 2001 முதல் 2010 வரை வரைந்த சித்திரக் கதை இதற்கு மூலம். அம்மூலத்தை நெருங்கித் தழுவி 2009–2010இல் வெளிவந்த தொடர் 64 பகுதிகளைக் கொண்டது.

எட்வேட், அல்போன்ஸ் என்னும் சகோதரர் இருவர் தாயை நோய்க்கு இழக்கின்றனர். இரசவாதம் கற்ற அவர்கள் தாயை மீண்டும் ஆக்கிவிடலாம் என நம்புகின்றனர். ஓர் உடலுக்கு 35 லீற்றர் நீர், 20 கிலோ கரி, 800 கிராம் பொசுபரசு, சிறிதளவு உப்பு எனக் கணக்கிடுகின்றனர். இவையனைத்தும் ஒரு சிறுவனின் கைக்காசுக்குச் சந்தையில் வாங்கத்தக்கவை என மூத்தவன் பின்னொருநாள் கசப்புடன் கூறுகின்றான். கணக்குப் பிழைக்கவில்லை; ஆனால் தாய் வரவில்லை. மூத்தவன் ஒரு காலை இழக்கின்றான். இளையவன் உடலையே இழக்கின்றான். தன் கையொன்றை ஈடாகக் கொடுத்துத் தம்பியின் உயிரை ஓர் இரும்புக் கவசத்துட் பிணைக்கின்றான் அண்ணன். கவசத்துக்கு உறக்கமில்லை, பசியில்லை. ஊரெல்லாம் உறங்கும் இரவுகளில் அச்சிறுவன் தனித்து விழித்திருக்கின்றான்.

தாம் வாழ்ந்த வீட்டைத் தாமே எரித்துவிட்டுச் சகோதரர் புறப்படுகின்றனர். ஒன்றைப் பெறுவதற்கு அதற்கொத்த ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கற்ற விதி. நெடிய பயணத்தின் முடிவில், தன்னைப் புகழுக்குரியவனாக்கிய இரசவாத ஆற்றலையே எட்வேட் கொடுத்துவிட்டுத் தம்பியை மீட்கின்றான். இறந்த தாய்க்காகத் தொடங்கிய முயற்சி, உயிரோடிருக்கும் தம்பிக்கான கடமையாக மாறுவதே இக்கதையின் உள்ளீடு.

மூன்றாவது, 2023 செப்தெம்பர் மாதம் தொடங்கி 2024 மார்ச்சு மாதம் வரை முதற்பருவமாக 28 பகுதிகளில் ஒளிபரப்பான ‘பிரீரென்’. இதன் யப்பானியத் தலைப்பு, இறந்தாரை வழியனுப்பும் பிரீரென் என்னும் கருத்துடையது. பிரீரென் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் வாழும் இனத்தவள். ஹிம்மெல் என்னும் வீரனுடனும் வேறு இருவருடனும் பத்தாண்டு பயணஞ்செய்து அசுர வேந்தனை வெல்கின்றாள். ஏனைய கதைகள் முடியும் அவ்விடத்தில் இக்கதை தொடங்குகின்றது.

பத்தாண்டு அவளுக்கு ஒரு சிறுபொழுது. விடைபெற்றுச் சென்றவள் ஐம்பது ஆண்டுகளின் பின் திரும்பும்போது ஹிம்மெல் கூனிய முதியவன். விரைவில் இறந்தும் போகின்றான். இறுதிக் கிரியையில் அவள் அழாது நிற்பதைக் கண்டோர் குறை கூறுகின்றனர். மண் மூடப்படும் வேளையிலேதான், அவனை அறிந்துகொள்ள முயலாதிருந்தேனே எனக் கண்ணீர் பெருகுகின்றது. அதன்பின், பழைய தோழர் ஒருவர் வளர்த்த பேர்ண் என்னும் அநாதைச் சிறுமியை மாணவியாக ஏற்று, சென்ற வழியே மீண்டும் செல்கின்றாள். ஹிம்மெலின் ஊரிற் பூத்து, அழிந்துபோயிற்று எனக் கருதப்பட்ட ஒரு நீலமலரைப் பல மாதங்கள் தேடிக் கண்டெடுத்து, அவன் சிலையைச் சுற்றிப் பூக்கச் செய்கின்றாள். ஹிம்மெலிடம் காட்டத் தவறிய கவனத்தை இம்முறை தன் மாணவியிடம் காட்டக் கற்றுக்கொள்கின்றாள்.

இவ்வகைத் தொடர்கள் யாவும் இத்தகையன என்று கூறுவதற்கில்லை. வீண் சண்டையையும் ஆபாசத்தையும் விற்பனைப் பொருளாக்கியவை பல. இரவுபகலாக வரையும் இளங்கலைஞர் பலர்க்குக் கிடைக்கும் ஊதியம் மிகக் குறைவு என்பதும் இத்தொழிலின் நெடுநாட் குறை. சிறுவர் காணும் சித்திரத்தில் சாவு எதற்கு என வினவும் பெற்றோரும் உளர். அவர்தம் அக்கறை மதிக்கத்தக்கதே. ஆயினும், பாட்டனாரின் வெறுங்கதிரையைக் கண்ட பிள்ளைக்குச் சாவு புதியதன்று. அதனைப் பற்றிப் பேச ஒருவரும் முன்வராமையே அப்பிள்ளையின் துன்பம்.

மூன்று கதைகளிலும் இறந்தவர் ஒருவரும் மீளவில்லை. மூன்றிலும் துயருற்றவரின் அருகே உயிருள்ள ஒருவர் நிற்கின்றார். தெம்மா அவரைக் கைவிட்டார். எட்வேட் கைவிடவில்லை. பிரீரென் காலந்தாழ்த்தி உணர்ந்து கைப்பற்றிக் கொண்டாள். இறந்தார்மீது வைத்த அன்புக்கு இருப்பாரிடத்தில் ஒரு கடமை உண்டு என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்குமாறு இச்சித்திரங்கள் கூறுகின்றன. பிள்ளைகள் அவற்றின் முன் அமரும்போது பெரியோரும் உடனமர்ந்து காண்பரேல், காட்சி முடிந்தபின் இரு சாராரும் பேசுவதற்கு உரியது நிரம்ப இருக்கும்.